ஊட்டும் கைக்கு ஏன் நேரமில்லை?

எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு தடவைக்கு ஏறக்குறைய 240 மில்லிதான் கொள்ளும். எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்பது பொதுவான கணக்கு. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தாய்ப்பால் போக நாளுக்கு 550 கலோரி அளவுக்கு வேறு உணவு வேண்டும். தண்ணீராகக் கரைத்த அரிசிக் கஞ்சியில் 100 மில்லிக்கு 30, 40 கலோரிதான் தேறும். வயிறு முட்டக் குடித்தாலும் நூறைத் தொடாது. ஆகவேதான் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை நாளுக்கு மூன்று நான்கு வேளை கெட்டியான உணவும், இடையில் ஒன்றிரண்டு தடவை சிறுதீனியும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மொத்தத்தையும் ஒரே வேளையில் திணித்துவிட முடியாது. பிசைந்து, ஊட்டி, துப்பியதைத் துடைத்து, விளையாட்டுக் காட்டி மறுபடி ஊட்டி முடிக்க ஒரு வேளைக்கு அரை மணி நேரமாவது போகும். நாளுக்கு ஐந்து தடவை என்றால் இரண்டரை மணி நேரம். அதுவும் விடியற்காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ள முடியாது. பகல் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு என்றதும் நாம் அரிசி, பருப்பு, முட்டை என்று பண்டங்களைப் பற்றியே யோசிக்கிறோம். ஊட்டுகிறவருடைய நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

இந்தப் பள்ளத்தாக்கை உணவில்லாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறந்ததிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் இருபோக நெல் விளைகிறது. ஆண்டு முழுதும் காய்க்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. வாழையும் தேங்காயும் லாரி லாரியாக வெளியூர் போகின்றன. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில், தெருவுக்கு ஒன்றிரண்டு நோஞ்சான் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள்? மாநில அளவில் பார்த்தால், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 22 பேர் எடை குறைந்தவர்கள், 14.6 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள். இந்தியச் சராசரியைவிட இது நல்ல நிலைதான். நாடு முழுக்க வளர்ச்சி குன்றியவர்கள் 35.5 சதவீதம். ஆனால் இன்னோர் எண்ணைப் பாருங்கள். முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 50.7 சதவீதமாக இருந்த ரத்தசோகை, இந்த ஆய்வில் 57.4 சதவீதமாக ஏறியிருக்கிறது. அரிசி பெருகிய வீட்டிலும் ரத்தம் ஊறவில்லை.

பள்ளத்தாக்கின் வேலை முறையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பகுதிப் பெண்களில் பெரும் பகுதியினர் நிலமில்லாத கூலிகள். விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் திரும்புகிறார்கள். மலை ஏறாதவர்களுக்குத் திராட்சைத் தோட்டமும் நடவும் களையெடுப்பும் இருக்கின்றன. வீட்டில் இருப்பது ஒரு வயதான ஆத்தா, அல்லது பள்ளிக்குப் போகாத அக்கா. இவர்கள் பொறுப்பில் விடப்படும் கைக்குழந்தைக்குக் காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், மதியம் ரசம் கரைத்த சோறு, அழுதால் பெட்டிக்கடைப் பாக்கெட். இதில் வயிறு நிறைந்துவிடும். புரதமும் இரும்பும் துத்தநாகமும் வராது. போதாக்குறைக்கு, டீயில் உள்ள டானின் கிடைத்த கொஞ்ச நஞ்ச இரும்பையும் உடலில் சேரவிடாது. இந்தியா முழுவதிலும் ஆறு முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுகிறவர்கள் 100-க்கு 11 பேர்தான் என்று அதே ஆய்வு சொல்கிறது. வசதியான வீடுகளிலும் இந்த விகிதம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்பதால், இது வெறும் காசில்லாத குறை மட்டுமல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வயதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். சின்னக் குழந்தையின் உடலில் மிக அதிகமாகச் சாப்பிடும் உறுப்பு மூளை. ஐந்து வயதை ஒட்டிய காலத்தில், உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது என்று 2014-இல் கிறிஸ்டோபர் குஸாவா குழுவினர் அளந்து காட்டினார்கள். இரண்டு வயது முடியும்போது மூளையின் எடை பெரியவர் மூளையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்னும் கொழுப்பு உறை படிவதும், நினைவைக் கையாளும் ஹிப்போகேம்பஸ் பகுதி உருப்பெறுவதும் இந்தக் காலத்தில்தான். இரண்டுக்கும் இரும்பு வேண்டும். இந்த மாதங்களில் இரும்பு இல்லாமல் வளர்ந்த மூளைக்குப் பின்னால் டானிக் கொடுத்து ரத்தத்தைச் சரிசெய்தாலும், கவனத்திலும் கற்றலிலும் விழுந்த குறை முழுதாக மீளாமல் போகலாம். 54 நாடுகளின் அளவீடுகளைத் தொகுத்து செசார் விக்டோரா குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஏழை நாட்டுக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் சரிவது பிறப்பிலிருந்து இரண்டு வயது வரைதான் என்பதைத் தெளிவாகக் காட்டியது. அதன் பிறகு கோடு ஏறக்குறைய சமமாகப் போகிறது. கருவில் 270 நாள், பிறந்து இரண்டாண்டுகள்: இந்த ஆயிரம் நாட்களைத்தான் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

மூளைக்கு அடுத்து அடிவாங்குவது நோய் எதிர்ப்பு. சத்துக் குறைந்த குழந்தையின் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. அங்கே பக்குவப்பட வேண்டிய டி செல்கள் குறைகின்றன. வயிற்றுப்போக்கு வந்தால் பசி செத்துவிடும், சாப்பிட்டதும் குடலில் ஒட்டாது, எடை இறங்கும், இறங்கிய உடம்பில் அடுத்த தொற்று எளிதாக நுழையும். நெவின் ஸ்கிரிம்ஷாவும் கூட்டாளிகளும் 1950-களின் இறுதியிலேயே இந்தச் சுழலை விளக்கிவிட்டார்கள். தெருச் சாக்கடையும் ஈயும் உள்ள இடத்தில், பேதி இல்லாத நாட்களிலும் குடலின் உட்சுவரிலுள்ள விரல் போன்ற துருத்திகள் மழுங்கிப்போகின்றன. உண்ட சத்தில் ஒரு பகுதி அப்படியே கழிவாகிறது. வெளியே பார்த்தால் குழந்தை நன்றாகத்தான் சாப்பிடுகிறது, உடம்பில் ஒட்டவில்லை என்பார்கள். தோஷம் தட்டியிருக்கிறது என்று மந்திரிக்கத் தூக்கிப்போவார்கள். 2013-இல் லான்செட் இதழ் தொகுத்த கணக்கின்படி, உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் 45 சதவீத மரணங்களுக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறது. சாவுச் சான்றில் நிமோனியா என்றோ பேதி என்றோதான் எழுதியிருக்கும்.

குடலைப் பற்றிய அண்மைக்கால ஆராய்ச்சியில் நம் பள்ளத்தாக்குக்கு மிக நெருக்கமான ஒரு செய்தி உண்டு. சத்துக் குறைந்த குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் அதன் வயதுக்குரிய முதிர்ச்சி பெறாமல் பின்தங்கிவிடுகிறது என்று அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் டாக்காவின் தஹ்மீத் அகமதும் கண்டறிந்தார்கள். அந்த நுண்ணுயிர்களைத் தேற்றக்கூடிய உணவைத் தேடியபோது கிடைத்த கலவை: கொண்டைக்கடலை, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய். டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில் மிதமாக மெலிந்த குழந்தைகளுக்கு மூன்று மாதம் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு குழுவுக்கு வழக்கமான, கலோரி கூடுதலான சத்துப் பசை. கலோரி குறைவான வாழைக்காய்க் கலவை சாப்பிட்ட குழந்தைகளே வேகமாகத் தேறின. முடிவுகள் 2021-இல் வெளியாயின. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஏத்தங்காயை உலர்த்திப் பொடித்துக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கம். சின்னமனூர் வாழையும் ஆண்டிபட்டிப் பக்கத்து நிலக்கடலையும் இருக்கும் மாவட்டத்தில் இந்தக் கலவையின் வாழைக்காயையும் நிலக்கடலையையும் வெளியே தேட வேண்டியதில்லை. ஆனால் பொடி தானாகக் காய்ந்து தானாகக் குழந்தையின் வாய்க்குப் போய்விடாது.

முதல் இரண்டாண்டுகளின் குறை முப்பது வயதுவரை தொடர்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த பரிசோதனையில், இரண்டு கிராமக் குழந்தைகளுக்குப் புரதமுள்ள கூழும் மற்ற இரண்டு கிராமக் குழந்தைகளுக்குப் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தபோது, இரண்டு வயதுக்குள் கூழ் குடித்த ஆண்களின் மணிக்கூலி மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிகம். மூன்று வயதுக்குமேல் குடித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. மறுபக்கம், பூனாவின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், எடை குறைந்து பிறக்கும் நம் குழந்தைகள் தசையைத் தியாகம் செய்து கொழுப்பைக் காத்துக்கொள்கின்றன என்று காட்டினார். பிற்காலத்தில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வருகிறது. 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இதில் சோறும் சோம்பலும் எவ்வளவு, கருவிலேயே விழுந்த குறை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் பதினேழு பதினெட்டு வயதில் கல்யாணமாகி, தானே வளர்ந்து முடிக்காத பெண் பெற்றெடுக்கும் இரண்டேகால் கிலோக் குழந்தை இந்தக் கணக்கில் நிச்சயம் இருக்கிறது.

நம் பிள்ளைகள் பரம்பரையாகவே குள்ளம், ஐரோப்பிய அளவுகோலை வைத்து அளந்தால் எல்லாரும் குறையாகத்தான் தெரிவார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியாவே 2013-இல் இதை வாதமாக வைத்தார், புறந்தள்ளிவிடக் கூடியதல்ல. ஆனால் இன்று பயன்படும் அளவுகோல் ஐரோப்பியருடையது அல்ல. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, தாய் புகைபிடிக்காத வீட்டில், போதிய உணவோடு வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கியது. இந்தியாவிலிருந்து அளக்கப்பட்டவர்கள் தெற்கு டெல்லிக் குழந்தைகள். அவர்கள் நார்வேக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். உயர வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு உள்ள பங்கு வெறும் 3 சதவீதம். தாயின் குட்டை உயரம் குழந்தையைப் பாதிக்கும் என்பது உண்மைதான், ஒரே தலைமுறையில் எல்லாம் மாறிவிடாது என்பதும் உண்மைதான். அந்தத் தாய் ஏன் குட்டையானாள் என்று கேட்டால் அவளுடைய ஆயிரம் நாட்களுக்குத்தான் போய்ச் சேர்வோம்.

இதைவிடப் பரவலான மறுப்பு, அரசு ஏற்கெனவே எல்லாம் கொடுக்கிறதே என்பது. கொடுக்கிறது, அதில் தமிழ்நாட்டைப் போல வேறு மாநிலம் குறைவு. காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தை வரை இறங்கி வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இவை ஒவ்வொன்றும் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் எல்லாவற்றிலும் குழந்தை மையத்துக்கோ பள்ளிக்கோ நடந்து வர வேண்டும். நடக்காத குழந்தைக்கு, அதாவது மூளை வேகமாக வளர்கிற குழந்தைக்கு, சத்துமாவு பாக்கெட் வீட்டுக்குப் போகிறது. வீட்டில் அது நாலு பிள்ளைகளுக்கும் உருண்டையாகிப் பகிரப்படுகிறது; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பசித்த வீட்டில் வேறென்ன நடக்கும். கைக்குழந்தைக்கு அதைக் கெட்டியாகக் காய்ச்சி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, நாளுக்கு இரண்டு தடவை ஊட்ட ஆள் இருந்தால்தான் பாக்கெட்டின் பின்புறம் அச்சடித்த சத்து குழந்தையின் உடம்புக்குள் போகும்.

இதை முதலில் உணர்ந்து நடத்திய முயற்சி நம் பக்கத்தில்தான் பிறந்தது. 1980-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். தேனி அப்போது அதே மாவட்டத்தின் ஒரு பகுதி. எல்லாருக்கும் உணவு என்பதை விட்டுவிட்டு, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். எடை போட்டவர்கள் அதே ஊர்ப் பெண்கள். ஏழ்மையிலும் தன் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்துக் காட்டிய தாய்மாரைத் தேடிப் பிடித்து வேலையில் அமர்த்தினார்கள். இதைவிடச் சிறந்த ஆள் தேர்வு முறையை நான் எங்கும் படித்ததில்லை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு திட்டப் பகுதிகளில் கணிசமாக இறங்கியது. மிதமான குறைவு அவ்வளவாக இறங்கவில்லை. எடையைக் காட்டிப் புத்தி சொன்னால் தாய் கேட்டுக்கொள்வாள். கேட்டதைச் செய்ய அவளுக்குப் பகல் வேண்டும். அந்தப் பகலைத் திட்டத்தால் கொடுக்க முடியவில்லை என்றே இந்த இடைவெளியை நான் புரிந்துகொள்கிறேன்.

வீடு தேடி வரும் ஒரு ஆள் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஜமைக்காவில் நடந்த ஆய்வைவிட அழுத்தமான சான்று கிடையாது. கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் 1986–87-இல் சாலி கிரந்தம்-மெக்கிரகர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வாராவாரம் பால் கலந்த சத்துணவு. இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, வீட்டிலிருக்கும் டப்பாவையும் துணியையும் வைத்தே பொம்மை செய்து, குழந்தையோடு பேசி விளையாடத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் குழுவுக்கு இரண்டும். நான்காவதற்கு எதுவும் இல்லை. இரண்டாண்டுகள் நடந்தது. அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது, பணியாளர் வந்துபோன வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். உணவு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்த நீண்ட காலப் பலன் கிட்டவில்லை. உணவு தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குவாத்தமாலா அதற்குப் பதில் சொல்லிவிட்டது. சத்துக் குறைந்த குழந்தை அழாமல், தவழாமல், கேட்காமல் ஒடுங்கிக் கிடக்கும். கேட்காத குழந்தையோடு பெரியவர்களும் பேச்சைக் குறைத்துவிடுவார்கள். உடம்போடு மனமும் சேர்ந்து பட்டினி கிடக்கும் இந்த நிலையை உடைக்க ஒரு மனிதர் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

அப்படியானால் தேனியில் சமூகப் பணியாளர் என்ன செய்யலாம்? சமூகப் பணி படித்துத் தொண்டு நிறுவனத்தில் இருப்பவர், மகளிர் குழுத் தலைவி, அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் எல்லாரையும் சேர்த்தே கேட்கிறேன். முதலில் வீட்டுக்குப் போகும் நேரத்தை மாற்ற வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் போனால் ஏலத்தோட்டத்துத் தாயைப் பார்க்கவே முடியாது. பூட்டிய கதவைக் கண்டு பதிவேட்டில் ‘வீட்டில் இல்லை’ என்று எழுதிவிட்டு வரலாம். மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ போக வேண்டும். அதற்கேற்பப் பகலில் ஓய்வு கொடுக்க வேண்டியது அவரை வேலைக்கு வைத்தவர் பொறுப்பு. பகலில் போனால் ஆத்தாவோடு பேச வேண்டும், ஏனென்றால் மதியச் சோறு அவர் கையில்தான் இருக்கிறது. முட்டை கொடுத்தால் மாந்தம் வரும், காய்ச்சலில் சோறு கூடாது என்று அவர் நம்பினால் அதை ஏளனம் செய்யாமல், அரை முட்டையை அவரையே ஊட்டச் சொல்லிப் பார்க்கலாம். மேல்கைச் சுற்றளவு நாடாவை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று கொடுத்துவைக்கலாம். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 11.5-க்குக் கீழே ஆபத்து. நைஜரில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரே இதைப் பெரிய பிழையில்லாமல் அளந்தார்கள்.

11.5-க்குக் கீழே இறங்கி, பசியும் போய், இரண்டு பாதங்களிலும் வீக்கம் கண்ட குழந்தையை வீட்டில் வைத்துத் தேற்ற முயலக் கூடாது. நெடுநாள் காய்ந்த உடம்பில் திடீரென்று அதிகம் ஊட்டினால் ரத்தத்தின் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்டத் தொடங்க வேண்டும். இங்கேதான் குடும்பம் பின்வாங்குகிறது. இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தால் கூலி போகும், மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு மருத்துவரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தருவதுதான் சமூகப் பணியாளரின் தொழில்: மகளிர் குழுவில் சிறுகடன், பக்கத்து வீட்டில் இரண்டு வாரத்துக்குப் பிள்ளைகள், வராமல் நின்றுபோன மகப்பேறு உதவித் தவணை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலூர்ப் பகுதியில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, குழந்தை பெற்றபின் மனச்சோர்வுக்கு ஆளான தாயின் குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைவு வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. குடித்துவிட்டு வரும் கணவனும் கரைந்துபோகும் கூலியும் அந்தச் சோர்வுக்குக் காரணமாக இருந்தால், தாயிடம் கீரை, பருப்பு என்று பேசுவது பயனற்றது. குடியைப் பற்றியும் அடியைப் பற்றியும் கேட்கத் துணிகிறவர்தான் அந்த வீட்டுக் குழந்தையின் எடையை ஏற்றுவார்.

தாய்மார் வேலைக்குப் போவதையே குற்றம் என்கிறாயா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. பெண்ணின் கையில் கூலி வருவது குழந்தையின் தட்டுக்கு நல்லது. அவளை வீட்டில் உட்கார வைத்தால் நேரம் வரும், பருப்பு போய்விடும். இரண்டையும் ஒருசேரக் காக்க ஒரே வழி, வேலை நடக்கும் இடத்திலோ ஊரிலோ மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பகல் காப்பகம். இது புதிய கோரிக்கையும் அல்ல. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. ஏலத்தோட்டமும் அதில் அடங்கியிருந்தது. நாளுக்கொரு தோட்டம் மாறும் கூலிப் பெண்ணை எந்த முதலாளியின் கணக்கிலும் சேர்க்க முடியாததால் அந்த விதி அவளுக்கு எட்டவேயில்லை. ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஆலோசனையோடு காப்பகமும் சேர்ந்த இடங்களில், மெலிவு, எடைக் குறைவு, வளர்ச்சி குன்றல் மூன்றும் இறங்கியதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. சத்தீஸ்கரின் சர்குஜாப் பகுதியில் தாய்மாரே முறைவைத்துக் காப்பகம் நடத்தியிருக்கிறார்கள்: ஒருத்தி ஒரு நாள் வேலைக்குப் போகாமல் ஊர்க் குழந்தைகளைப் பார்த்தால், மற்ற நாட்களில் அவள் குழந்தையை மற்றவர்கள் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே பதிவேடுகளிலும் செயலிகளிலும் மூழ்கிக் கிடக்கும் அங்கன்வாடிப் பணியாளர் தலையில் இதையும் ஏற்றுவதா என்பது நியாயமான கேள்வி. ஏற்றக் கூடாது, இன்னோர் ஆள் போட வேண்டும். அப்படிப் போட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 320 அங்கன்வாடிகளில் சிலவற்றுக்கு அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்து, 18 மாதங்களுக்குப் பின் ஒப்பிட்டார்கள். கூடுதல் ஆள் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இருமடங்கானது, பிள்ளைகளின் மொழியும் கணக்கும் உயர்ந்தன. மூத்த பணியாளருக்கு நேரம் கிடைத்ததால், தொடர்ந்து மையத்துக்கு வந்த குழந்தைகளிடம் வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. செலவைவிடப் பலன் பல மடங்கு என்பது அவர்கள் கணக்கு. இரண்டு வயதைக் கடந்துவிட்ட குழந்தைக்கு இனி எதுவும் பயனில்லை என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில், ஏனென்றால் மையத்துக்கு வந்த அந்தக் குழந்தைகள் அனைவரும் இரண்டு வயதைத் தாண்டியவர்கள்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கன்வாடியோடு குழந்தைகள் காப்பகத்தையும் சேர்த்து நடத்த ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டம் பணம் ஒதுக்குகிறது. கட்டடம் இருக்கிறது, மாவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. கம்பம், போடி, கூடலூர், தேவாரம் போன்ற ஊர்களில், ஆள் ஏற்றும் ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்புகிறதோ அதற்கு முன்பே திறந்து, அது திரும்பிய பிறகே மூடும் காப்பகம் ஒன்றையாவது கேட்டுத் தீர்மானம் போடுங்கள் என்று இந்தப் பள்ளத்தாக்கின் ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களையும் மகளிர் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஊராட்சிகளில், அடுத்த கிராம சபையில் அந்தத் தீர்மானத்தை அந்த ஊர் வாக்காளர் யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம்.